வணிக மென்பொருட்களின் மறைகுறியாக்கம் எவ்வளவு வலுவானது?

சம்பளப் பட்டியல், கடன்பட்டோர் விபரம், வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், இன்னும் திறக்கப்படாத கேள்விப்பத்திர விலைகள் என ஒரு நிறுவனத்தின் இரகசியங்கள் அனைத்தும் இன்று கணினிக் கோப்புகளாகவே தங்கியிருக்கின்றன. அவற்றைக் காப்பதற்கெனத் தனியானதொரு மென்பொருளை வாங்குவோர் மிகச் சிலரே. விரிதாள், கணக்குப் பதிவு, தரவுத்தளம் ஆகியவற்றுக்கான மென்பொருட்களின் உள்ளேயே அமைந்திருக்கும் பூட்டையே பெரும்பாலானோர் நம்பியிருக்கின்றனர். கோப்பைத் திறக்கும்போது கணினி கடவுச்சொல்லைக் கேட்குமாயின் அது பத்திரமாக இருக்கின்றது என்பதே பொதுவான எண்ணம். மென்பொருளை விற்போரும் '128 பிட்', '256 பிட்', 'இராணுவத் தரம்' என்ற சொற்களைத் தமது விளம்பரங்களில் தாராளமாகப் பயன்படுத்துகின்றனர்.

இந்த எண்கள் பெரும்பாலும் பொய்யானவை அல்ல. ஆயினும், பூட்டு எவ்வளவு வலுவானது என்ற கேள்விக்கு அவை விடையாகமாட்டா. இதனைப் புரிந்துகொள்வதற்கு, உலகில் மிகப் பரவலாகப் பாவனையிலுள்ள மைக்ரோசொப்ட் ஒபிஸ் மென்பொருளின் கடந்தகாலத்தைப் பார்ப்பதே போதுமானது. வேறு சில மென்பொருட்களையும் இடையிடையே எடுத்துக்கொள்ளலாம்.

மறைகுறியாக்கம் என்பது வாசிக்கக்கூடிய தரவை ஒரு கணிதமுறையின் வழியே வாசிக்க முடியாத குறிகளாக மாற்றுவதாகும். கணிதமுறை ஒன்று, அதனை இயக்கும் திறவுகோல் ஒன்று என இதில் இரு கூறுகள் உண்டு. திறவுகோல் என்பது உண்மையில் ஒரு நீண்ட எண்ணேயாகும். கணிதமுறை எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் திறவுகோல் தெரியாதவரை இரகசியம் காக்கப்படவேண்டும் என்ற கொள்கையை, நெதர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ஒகஸ்ட் கெர்க்ஹோவ்ஸ் என்ற மொழியியலாளர் 1883ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். 'எமது மறைகுறியாக்க முறை இரகசியமானது, அதனை வெளியிட முடியாது' என்று ஒரு விற்பனையாளர் பெருமையோடு கூறுவாராயின், அந்த மென்பொருளை வாங்காதிருப்பதற்கு அதுவே தக்க காரணமாகும். பலரும் பல்லாண்டுகளாக உடைக்க முயன்று தோற்ற முறைகளே இத்துறையில் நம்பகமானவை.

40 பிட் காலம்

ஒபிஸ் 95 தொகுப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் கடவுச்சொல்லிட்ட கோப்பு உண்மையில் மறைகுறியாக்கம் பெறவில்லை என்றே சொல்லவேண்டும். எழுத்துகளைக் கடவுச்சொல்லிலிருந்து பெறப்பட்ட ஒரு சிறு தொடரோடு திரும்பத் திரும்பக் கலக்கும் எளிய கணக்கொன்றே அங்கு இருந்தது. சாதாரண கணினியொன்றுக்கு அதனை அவிழ்ப்பதற்குச் சில கணங்களே போதும். ஒபிஸ் 97 வெளிவந்தபோது முதன்முறையாக ஆர்.சி.4 என்ற மெய்யான மறைகுறியாக்க முறை அதில் இடம்பெற்றது. ஆனால் அதன் திறவுகோலின் நீளம் 40 பிட் மட்டுமேயாகும்.

அந்த எண் தற்செயலாக வந்ததன்று. அக்காலத்தில் அமெரிக்கா மறைகுறியாக்கத்தை ஆயுதங்களுக்குரிய ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளின் கீழ் வைத்திருந்தது. வெளிநாடுகளுக்கு விற்கப்படும் பொதுப் பாவனை மென்பொருட்களில் 40 பிட்டுக்கு மேற்பட்ட திறவுகோலுக்கு இலகுவில் அனுமதி கிடைப்பதில்லை. தனது உளவு நிறுவனங்களால் திறக்கமுடியாத பூட்டைப் பிறநாட்டார் கையில் கொடுக்க வாஷிங்டன் விரும்பவில்லை என்பதே இதன் சாரம். இக்கட்டுப்பாடுகள் 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே பெருமளவில் தளர்த்தப்பட்டன.

40 பிட் திறவுகோலில் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி சேர்க்கைகள் உள்ளன. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் 1995இல் டேமியன் டொலிஜெஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், நெட்ஸ்கேப் உலாவியின் 40 பிட் பாதுகாப்பை, வேலையற்றிருந்த நேரத்தில் கிடைத்த ஏறத்தாழ 120 கணினிகளைக் கொண்டு எட்டு நாட்களில் திறந்து காட்டினார். 1997இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பேர்க் 250 கணினிகளைக் கொண்டு வேறொரு 40 பிட் சவாலை மூன்றரை மணித்தியாலங்களில் முடித்தார். இன்று விளையாட்டுகளுக்காக விற்கப்படும் வரைகலை அட்டையொன்று செக்கனுக்குப் பத்துக் கோடி திறவுகோல்களைச் சோதிக்கின்றது என்று வைத்துக்கொண்டால், சேர்க்கைகள் முழுவதையும் முயன்று முடிப்பதற்கு மூன்று மணித்தியாலங்களுக்குச் சற்று அதிகமான நேரமே செல்லும்.

இங்கு ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. அத்தகைய கோப்பைத் திறப்பவர் கடவுச்சொல்லை ஊகிப்பதில்லை. நேராகத் திறவுகோலையே தேடுகின்றார். ஆகவே, உரிமையாளர் எவராலும் ஊகிக்கமுடியாத கடவுச்சொல்லை இட்டிருந்தாலும் பயனில்லை. ஒபிஸ் 2003இலே 128 பிட் வரையான தெரிவுகள் கிடைத்தனவாயினும், எவரும் எதையும் மாற்றாதவிடத்து வேர்ட்டும் எக்செல்லும் பழைய 97 முறையையே கைக்கொண்டன. ஆழமானதொரு பட்டியலுக்குள் சென்று அதனை மாற்றிய அலுவலகங்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும்.

நீளத்தைக் கூட்டினால் இத்தகைய முயற்சிகள் எவ்வளவு விரைவாகப் பயனற்றுப் போகின்றன என்பதும் வியப்புக்குரியது. ஒவ்வொரு பிட் கூடும்போதும் சேர்க்கைகளின் தொகை இரட்டிக்கின்றது. 1977இல் அமெரிக்க அரசின் நியமமாக ஏற்கப்பட்ட டி.ஈ.எஸ். முறையில் 56 பிட் இருந்தது. அதனையும் எலக்ட்ரோனிக் புரொன்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு, இரண்டரை இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் அமைத்த தனி இயந்திரமொன்றினால் 1998 ஜூலையில் 56 மணித்தியாலங்களில் உடைத்தது. அதன்பின் உலகளாவிய போட்டியொன்றின் முடிவில், பெல்ஜிய நாட்டினரான ஜோன் டேமன், வின்சன்ட் ரைமன் ஆகிய இருவரும் வகுத்த முறை 2000ஆம் ஆண்டு தெரிவாகி, 2001 நவம்பரில் ஏ.ஈ.எஸ். என்ற பெயரில் நியமமாக்கப்பட்டது. இதன் மிகக் குறைந்த திறவுகோல் 128 பிட்டாகும். மேலே கூறிய வரைகலை அட்டையின் அதே வேகத்தில் இதனைத் தேடி முடிப்பதற்கான ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுத 24 இலக்கங்கள் தேவை. எனவே 128 பிட்டா, 256 பிட்டா என்ற விவாதம் ஒரு சாதாரண நிறுவனத்தைப் பொறுத்தவரை பொருளற்றது. குவாண்டம் கணினிகள் வந்தாலும் 256 பிட் ஏ.ஈ.எஸ். முறைக்கு ஆபத்து ஏற்படும் என்று துறைசார் நிபுணர்கள் கருதவில்லை.

அவ்வாறாயின் ஏ.ஈ.எஸ். வந்ததோடு சிக்கல் தீர்ந்திருக்கவேண்டுமே என்று கேட்கத் தோன்றும். பலவீனம் மறைந்துவிடவில்லை, இடம் மட்டும் மாறியது.

கடவுச்சொல்லிலிருந்து திறவுகோல்

128 பிட் எண்ணொன்றை மனிதர் எவரும் மனனம் செய்வதில்லை. அவர் தருவது ஒரு கடவுச்சொல். மென்பொருள் அதனைக் கணித ஆலையொன்றில் அரைத்துத் திறவுகோலை உருவாக்குகின்றது. திருட முயல்பவர் ஏ.ஈ.எஸ். முறையைத் தொடவேண்டியதே இல்லை. கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அதே ஆலையிலிட்டுப் பார்த்தால் போதும். ஆகவே ஆலை எவ்வளவு மெதுவாக அரைக்கின்றதோ அவ்வளவுக்குத் திருடனின் வேலை கடினமாகின்றது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே மெதுவாக்கப்படும் மிகச் சில கணினிக் கருமங்களில் இதுவும் ஒன்று.

ஒபிஸ் 2007இல் மைக்ரோசொப்ட் இதனைச் செய்தது. ஏ.ஈ.எஸ். முறையோடு, கடவுச்சொல்லை 50,000 தடவை அரைக்கும் ஏற்பாடும் புகுத்தப்பட்டது. ஒபிஸ் 2010இல் அது ஒரு இலட்சம் தடவையாயிற்று. 2013இல் அரைக்கும் முறையும் மேலும் வலுவான ஒன்றாக மாற்றப்பட்டது. கோப்பைத் திறக்கும் உரிமையாளருக்கு இந்தத் தாமதம் கண்ணிமைக்கும் நேரமே. கோடிக்கணக்கில் முயலவேண்டிய திருடனுக்கோ அது பெருஞ்சுமை.

இதற்கு நேர்மாறான உதாரணமொன்றும் உண்டு. பி.டி.எப். கோப்புகளுக்கான அடோபி அக்ரோபட் 9 மென்பொருள் 2008இல் வெளிவந்தபோது 128 பிட்டிலிருந்து 256 பிட்டுக்கு உயர்ந்தமை ஒரு முன்னேற்றமாகக் கூறப்பட்டது. ஆனால் முந்திய பதிப்பில் பல தடவை நடந்த அரைத்தல் இதில் ஒரே தடவையாகக் குறைக்கப்பட்டிருந்தது. கடவுச்சொல் மீட்புக் கருவிகளை விற்கும் ரஷ்ய நிறுவனமான எல்கொம்சொப்ட், புதிய கோப்புகளில் கடவுச்சொற்களை முன்னரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகச் சோதிக்கலாம் என்று சுட்டிக்காட்டியது. பிட் எண்ணிக்கை இரட்டித்தது, பாதுகாப்போ குறைந்தது. அடுத்த பதிப்பில் இது திருத்தப்பட்டது.

எமது நாட்டில் நிதி நிறுவனங்கள் சில, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் மாதாந்தக் கூற்றுகளை அவரது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக்கிப் பூட்டி அனுப்புவதை வாசகர்கள் அறிவர். அந்த இலக்கத்தின் அமைப்பு எவரும் அறிந்ததே. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். எஞ்சுபவை நான்கே இலக்கங்கள். ஆண், பெண் இருபாலாருக்குமாக ஓராண்டுக்கு 732 நாளெண்கள், அவை ஒவ்வொன்றுக்கும் கூடியபட்சம் 10,000 முடிவுகள் என்று கொண்டால், ஓராண்டில் பிறந்தோருக்கு 73 இலட்சத்து 20 ஆயிரம் சேர்க்கைகளே உண்டு. அறுபது ஆண்டுகளைச் சேர்த்தாலும் 43 கோடியே 92 இலட்சத்தை அது தாண்டாது. பிட் கணக்கில் சொன்னால் இது 29 பிட்டுக்கும் குறைவு.

அதாவது 256 பிட் பூட்டு என்று பெயர். உள்ளே இருப்பதோ அமெரிக்கா 1990களில் எமக்கு விட்டுவைத்த 40 பிட்டிலும் நலிந்த ஒன்று. ஒரு இலட்சம் தடவை அரைக்கும் மென்பொருளாகவே இருந்தாலும், செக்கனுக்குப் பத்தாயிரம் முயற்சிகள் செய்யக்கூடியவருக்கு இவை அனைத்தையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 12 மணித்தியாலங்கள் போதும். வாடிக்கையாளரின் பிறந்த திகதி தெரிந்துவிட்டாலோ மீந்திருப்பவை 10,000 முயற்சிகள் மாத்திரமே. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் பிறந்த ஆண்டும் நாளும் முன்னேதான் நிற்கின்றன. தபாலுறையை ஒட்டி அனுப்புவதற்கு ஒப்பான காப்பு என்று இதனைக் கருதினால் தவறில்லை. ஆனால் அதனை வங்கிப் பெட்டகத்தோடு ஒப்பிடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: 7,776 சொற்கள் கொண்ட பட்டியலொன்றிலிருந்து எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த ஆறு சொற்களின் தொடர் 77 பிட்டுக்கு ஈடானது.

நல்ல பூட்டு, தவறான பிரயோகம்

கணிதமுறையும் திறவுகோலும் சரியாகவே இருந்து, அவற்றைப் பிரயோகித்த முறை தவறியமையால் இரகசியம் வெளிவந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய ஹொங்ஜுன் வு என்ற ஆய்வாளர் 2005 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையொன்று, வேர்ட், எக்செல் ஆகியவற்றில் ஆர்.சி.4 தவறாகக் கையாளப்பட்டிருப்பதைக் காட்டியது. ஆர்.சி.4 போன்ற முறைகள் நீண்டதொரு எழுந்தமானத் தொடரை உருவாக்கி அதனை உரையோடு கலக்கின்றன. ஒரே தொடரை இரு உரைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது இதன் முதல் விதி. ஆனால் கடவுச்சொல்லிட்ட கோப்பைத் திருத்தி மீண்டும் சேமிக்கும்போது இம்மென்பொருட்கள் அதே தொடரையே மறுபடியும் பயன்படுத்தின. திருத்தத்துக்கு முந்திய பிரதியும் பிந்திய பிரதியும் ஒருவரது கையில் சிக்குமாயின், ஒன்றையொன்று கழித்தால் தொடர் முற்றாக மறைந்து, இரு உரைகளின் கலவை மட்டும் மிஞ்சும். அதனைப் பிரித்தெடுப்பது கடினமன்று. 128 பிட் தெரிவைத் தேடிச் சென்று தேர்ந்தெடுத்தவருக்கும் இதே கதிதான். 1940களில் சோவியத் உளவுத்துறை ஒருமுறை மாத்திரமே பயன்படுத்தவேண்டிய குறியீட்டுத் தாள்களை இருமுறை பயன்படுத்தியதனால் அதன் செய்திகளை அமெரிக்கர் வாசிக்க நேர்ந்ததும் இதே தவறினாலாகும்.

இதே வகையில் இன்னொன்று, 2013 ஒக்டோபரில் அடோபி நிறுவனத்தில் நிகழ்ந்த தரவுத் திருட்டாகும். 3 கோடியே 80 இலட்சம் செயற்படு பாவனையாளர்கள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. வெளியான கோப்பிலோ 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. கடவுச்சொற்கள் மும்மடங்கு டி.ஈ.எஸ். முறையில் மறைகுறியாக்கப்பட்டிருந்தன. அம்முறையை எவரும் உடைக்கவில்லை. உடைக்கவேண்டிய தேவையும் எழவில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒரே விதமாக மாற்றும் மிக எளிய வழியில் அது பிரயோகிக்கப்பட்டிருந்தது. இதனால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த அனைவரது பதிவும் ஒரே குறியாகத் தோன்றியது. அவற்றின் அருகே பாவனையாளர்கள் எழுதிவைத்த நினைவூட்டுக் குறிப்புகளோ மறைக்கப்படாமலே கிடந்தன. குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவதுபோல ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முடிந்தது. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் '123456' என்ற எண்ணையே வைத்திருந்தனர் என்பதும் அவ்வாறே தெரியவந்தது.

இந்தத் தவறு பழங்கதையாகிவிட்டது என்று எண்ணவும் முடியவில்லை. ஸூம் காணொளிச் செயலி 256 பிட் என்று கூறிவந்தபோது அது 128 பிட் திறவுகோலை இதே எளிய வழியில் பயன்படுத்துவதாக ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் 2020 ஏப்ரலில் கண்டறிந்தது. மைக்ரோசொப்ட்டின் மின்னஞ்சல் மறைகுறியாக்கச் சேவையில் இதே முறை இருப்பதைப் பின்லாந்தின் வித்செக்கியூர் நிறுவனம் 2022 ஒக்டோபரில் வெளியிட்டது. 2023இலேயே அங்கு வேறு வழி இயல்புநிலையாக்கப்பட்டது.

இயல்புநிலை எழுந்தமான எண்ணை உருவாக்கும் பகுதியிலும் பிழைக்கு இடமுண்டு. 1995இல் மேலே குறிப்பிட்ட கோல்ட்பேர்க், டேவிட் வாக்னருடன் சேர்ந்து, நெட்ஸ்கேப் தனது திறவுகோலைக் கணினியின் நேரத்திலிருந்தும் இரண்டு செயலெண்களிலிருந்தும் பெறுவதைக் காட்டினார். அந்த மூன்றையும் ஊகித்தால் 128 பிட் பதிப்பும் திறந்துகொள்ளும்.

திறவுகோல் யாரிடம் உள்ளது?

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் படிக்கட்டின் கீழ் வைப்பவரைக் கண்டு நகைக்கின்றோம். வணிக மென்பொருட்கள் பல இதனையே செய்கின்றன. சிறு கணக்குப் பதிவு மென்பொருட்கள் பலவற்றுக்கு அடித்தளமாக இருந்த மைக்ரோசொப்ட் அக்செஸ் தரவுத்தளத்தின் 97ஆம் பதிப்பு, கடவுச்சொல்லைக் கோப்பின் முகப்பிலேயே மாறாத எண் தொடரொன்றுடன் கலந்து எழுதிவைத்தது. அத்தொடரை அறிந்த எவரும் கடவுச்சொல்லை வாசித்துவிடலாம்.

எக்செல்லில் 'தாளைப் பாதுகாத்தல்' என்ற கட்டளையும் பலரை ஏமாற்றிவருகின்றது. கடவுச்சொல் கேட்பதனால் அது மறைகுறியாக்கமென்று நினைப்பவர் பலர். உண்மையில் அங்கு தரவு எதுவும் மறைக்கப்படுவதில்லை. தெரியாமல் கைபட்டுச் சூத்திரங்கள் அழிந்துவிடாதிருப்பதற்கான ஏற்பாடே அது. இது ஒரு பாதுகாப்பு வசதியன்று என மைக்ரோசொப்ட்டே தனது ஆவணங்களில் கூறுகின்றது. 'கடவுச்சொல்லால் மறைகுறியாக்குக' என்ற வேறொரு கட்டளையே கோப்பை மெய்யாகப் பூட்டுவதாகும். இதேபோன்று, அச்சிடத் தடை, பிரதியெடுக்கத் தடை என்று பி.டி.எப். கோப்புகளில் இடப்படுபவை, திறக்கும் மென்பொருள் அதற்கு உடன்படும்வரையே செல்லுபடியாகும்.

பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்களில் வேறொரு சிக்கல். ஒரக்கிள் 2005இலும், மைக்ரோசொப்ட் தனது எஸ்.கியூ.எல். சேர்வரின் 2008ஆம் பதிப்பிலும், தரவுத்தளத்திலுள்ள தரவைத் தானாகவே மறைகுறியாக்கும் வசதியை அறிமுகம் செய்தன. வன்தட்டோ காப்புப்பிரதியோ களவுபோனால் இது நன்றாகவே காக்கும். ஆனால் முறையாக உட்புகுந்த எவருக்கும் தரவுத்தளம் தானே திறந்து காட்டும். அதற்காகவே அது இருக்கின்றது. எனவே ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடி நுழைபவருக்கு இப்பூட்டு தென்படுவதே இல்லை. அமெரிக்க அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 இலட்சம் பேரின் விபரங்கள் களவாடப்பட்டமை 2015இல் வெளிவந்தபோது, மறைகுறியாக்கம் இருந்திருந்தாலும் பயன்பட்டிராது என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்கள அதிகாரியொருவர் காங்கிரஸ் விசாரணையில் கூறியமை இக்காரணத்தினாலேயாகும்.

திறவுகோலின் ஒரு பகுதி மூன்றாம் தரப்பின் கையில் இருந்த வரலாறும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்துக்குச் சொந்தமான லோட்டஸ் நோட்ஸ், 1990களில் அரசுகளும் பெருநிறுவனங்களும் விரும்பிப் பயன்படுத்திய மின்னஞ்சல், ஆவண மென்பொருளாகும். 1996இல் வெளிவந்த அதன் சர்வதேசப் பதிப்பில் 64 பிட் திறவுகோல் இருந்தது. ஆனால் அவற்றில் 24 பிட்டுகளை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் மாத்திரம் வாசிக்கக்கூடியவாறு பூட்டி, ஒவ்வொரு செய்தியோடும் இணைத்தனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஏனையோருக்கு 64 பிட், அமெரிக்க உளவுத்துறைக்கு வழமையான அதே 40 பிட். ஏற்றுமதி அனுமதிக்காகக் கொடுக்கப்பட்ட விலை இது. நிறுவனம் இதனை மறைக்கவில்லை, பகிரங்கமாகவே அறிவித்திருந்தது. ஆயினும் வாங்கியவர்கள் அதனை வாசித்ததாகத் தெரியவில்லை. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றமும் வரித் திணைக்களமும் அம்மென்பொருளையே பயன்படுத்துவதை 1997இல் அந்நாட்டுப் பத்திரிகையொன்று வெளிப்படுத்தியபோதே அங்குள்ளோர் திடுக்குற்றனர். பின்னர் மென்பொருளைப் பிரித்தாராய்ந்தபோது, அமெரிக்க முகவரகத்துக்கான அந்தத் திறவுகோலுக்கு ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலை நினைவூட்டும் வகையில் 'பிக் பிரதர்' என்று எவரோ பெயரிட்டிருந்தமையும் தெரியவந்தது. பொறியியலாளர்களிடையேயும் நகைச்சுவை உணர்வுள்ளவர்கள் இருக்கத்தான் செய்கின்றனர்.

பிறரது பூட்டை நம்பித் தன் பூட்டைக் கழற்றிவைத்ததற்கு உதாரணமாக விண்டோஸின் பிட்லொக்கர் வசதியைக் கூறலாம். வன்தட்டே தன்னை மறைகுறியாக்கிக்கொள்ளும் என்று அறிவித்தால், பிட்லொக்கர் அந்தப் பொறுப்பை அதனிடமே விட்டுவிடும். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 நவம்பரில், பிரபல உற்பத்தியாளர்களின் திண்மநிலைத் தட்டுகள் சிலவற்றில் கடவுச்சொல் இன்றியே தரவைப் பெறமுடிவதைக் காட்டினர். 2019 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் தன் இயல்புநிலையை மாற்றி, மறைகுறியாக்கத்தை மென்பொருளே செய்யும்படி அமைத்தது.

எமது அலுவலகங்களில்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவின் இரகசியத்தன்மையைக் காப்பதற்கான தொழில்நுட்ப ஏற்பாடுகளில் ஒன்றாக மறைகுறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. எத்தனை பிட் என்று சட்டம் கூறுவதில்லை, கூறாததும் நல்லதே. ஆனால் 'எமது மென்பொருளில் மறைகுறியாக்கம் உண்டு' என்ற ஒரு வரியோடு கடமை முடிந்துவிட்டதாக நிறுவனங்கள் கருதிவிடும் அபாயம் இதனால் இருக்கின்றது.

மென்பொருளை வாங்கும்போது பிட் எண்ணிக்கையைக் கேட்பதிலும் பயனுள்ள கேள்விகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது மிக எளியது: கடவுச்சொல்லை மறந்துவிட்டால் உங்களால் எமது தரவை மீட்டுத்தர முடியுமா? விற்பனையாளர் 'ஓம், ஐந்து நிமிட வேலை' என்று உற்சாகமாகப் பதிலளிப்பாராயின், திறவுகோல் அவரிடமும் இருக்கின்றது, அல்லது பூட்டே இல்லை. அது சில வேளைகளில் விரும்பத்தக்க வசதியாகவும் இருக்கலாம், ஏனெனில் திறவுகோலைத் தொலைத்தவருக்கு ஏ.ஈ.எஸ். எவ்வித இரக்கமும் காட்டாது. ஆனால் அதனை அறிந்தே ஏற்கவேண்டும். கடவுச்சொல் எவ்வாறு திறவுகோலாகின்றது, எத்தனை தடவை அரைக்கப்படுகின்றது, திறவுகோல் தரவு இருக்கும் அதே கணினியில்தான் உள்ளதா, காப்புப்பிரதிகளும் மறைகுறியாக்கப்படுகின்றனவா என்பனவற்றுக்கு எழுத்தில் பதில் தரக்கூடியவரே இப்பொருளை அறிந்தவர். திறவுகோலின் பிரதியொன்றை வேறிடத்தில் வைக்காமல் தரவுத்தளத்தைப் பூட்டியவர்கள், இயந்திரம் பழுதானபோது தமது காப்புப்பிரதியைத் தாமே திறக்கமுடியாமல் தவிக்க நேரிடும் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும்.

இவை யாவற்றிலும் உடனடியாகக் கவனிக்கவேண்டியவை பழைய கோப்புகளே. மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய கோப்பும் தானாகவே வலுப்பெற்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. 2004இல் எக்செல்லின் பழைய வடிவில் பூட்டப்பட்ட சம்பளப் பட்டியல், இன்றைய புத்தம்புதிய ஒபிஸில் திறக்கப்பட்டாலும் அதே பழைய பூட்டுடனேயே கிடக்கின்றது. கோப்பின் பெயர் 'எக்ஸ்.எல்.எஸ்.' அல்லது 'டொக்' என்று முடியுமாயின், அது 2007க்கு முந்திய வடிவம். இறுதியில் 'எக்ஸ்' என்ற ஓரெழுத்து கூடியிருப்பது புதிய வடிவம். பழையதைத் திறந்து, புதிய வடிவில் வேறொரு கடவுச்சொல்லோடு சேமித்து, பழைய பிரதியை அழிப்பது ஒரு பிற்பகல் வேலையாகும். ஸிப் முறையில் சுருக்கிப் பூட்டியவற்றுக்கும் இது பொருந்தும். அதன் பழைய மறைகுறியாக்க முறையை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டனர்.

அலுவலகக் கணினியில் உள்ளவற்றை மாத்திரமே இவ்வாறு மாற்றமுடியும். அந்த ஆண்டுகளில் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பப்பட்டவை, இறுவட்டில் எழுதிக் கணக்காய்வாளரிடம் கொடுக்கப்பட்டவை, விலகிச் சென்ற ஊழியரின் மடிக்கணினியில் தங்கிவிட்டவை ஆகியன 40 பிட் பூட்டுடனேயே இன்னும் இருக்கின்றன. அவற்றில் எவரெவரது விபரங்கள் இருந்தன என்பதை ஒரு பட்டியலாக எழுதிவைத்திருக்கும் நிறுவனங்கள் எத்தனை என்பதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் கேட்டறியவேண்டியிருக்கும்.